நனைந்த முட்டைகள்

அடைகாத்த வாத்தின் முட்டைகள் காலைதோறும் நனைந்திருந்தன. நோராவின் சந்தேகம் சமையற்காரி செசிலியின் மீது விழுந்தது.

“நீதானேடி தண்ணி ஊத்துறே?”

“மாதா சத்தியமா இல்லீங்கம்மா!”

செசிலியை வேலையிலிருந்து நீக்கினாள். இனி யாரும் முட்டைகளை நெருங்காதபடி, வாத்தைத் தீனியோடும் குடிநீரோடும் கூண்டிலேயே பூட்டினாள். அதன்பின் முட்டைகள் நனையவில்லை.

“பார்த்தியா, கள்ளி போனா, ஈரமும் போச்சு!” என்றாள், வாத்து வளர்க்கும் அடுத்த வீட்டு மௌரீனிடம்.

இருபத்தெட்டாம் நாள் முட்டைகளுக்குள் குஞ்சுகள் தட்டின, வெளிவர முடியவில்லை.

மௌரீன் வந்து பார்த்தாள். “வாத்து எங்கே குளிக்குது?”

“பூட்டியில்ல வெச்சிருக்கேன்!”

“அடிப்பாவி! அது குளிச்சுட்டு ஈரத்தோட வந்து உட்கார்ந்தாத்தான் முட்டை காயாது. சீக்கிரம் தண்ணி தெளி!”

மாலைக்குள் ஒன்பது குஞ்சுகள் வெளிவந்தன. நோரா ஜட்கா வண்டி பிடித்து, செசிலியின் வீடிருந்த லிங்கராஜபுரம்வரை போய் அழைத்தும் அவள் வரவில்லை.