கரடிக் கதை

ஓசூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிப் புத்தகக் கடை வைத்திருந்த தஸ்தகீருக்கு அந்தப் படப் புத்தகத்தின்மேல் தனிப் பிரியம். குட்டியைக் கீழே இறக்கிவிடாமல் முதுகிலேயே சுமந்து திரியும் தாய்க்கரடியின் கதை அது. வாங்கிப் போன தாய்மார்கள் எல்லாரும் கண்கலங்கிப் பாராட்டினார்கள்.

அன்றைக்கு ஓர் இளம்பெண் வந்து அதைப் பலகைமேல் வைத்தாள்.

"இது எங்க வூட்டுல இருக்க வேணாம், பாய். குட்டிய நடக்கவே வுடாததெல்லாம் ஒரு பாசமா?"

தஸ்தகீருக்குச் சுருக்கென்றது.

"ஒண்ணு பெத்துப் பாரும்மா, அப்பத் தெரியும்."

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. காசைக்கூடத் திருப்பிக் கேட்காமல் போய்விட்டாள்.

சற்று நேரத்தில் கெம்பம்மாள் மூச்சிரைக்க வந்தாள்.

"பாய், அந்தக் கரடிப் புஸ்தகம் இன்னொண்ணு குடுங்க. வாங்கிட்டுப் போனது வூட்டுல காணாமப் போச்சு. தெனமும் படத்தக் காட்டிக் கதை சொன்னாத்தான் எம்மவன் எம்மடியில படுத்துத் தூங்கறான்."

தஸ்தகீருக்கு மனம் குளிர்ந்தது. திரும்பி வந்த புத்தகத்தையே துடைத்துக் கொடுத்தார்.

"நீங்கதாம்மா உண்மையான தாய்! பையன் எத்தனாவது படிக்கறான்?"

"படிக்கறானா? தாலுகா ஆபீசுல குமாஸ்தா, பாய். போன தையிலதான் கல்யாணம் பண்ணி வெச்சேன்."