ஏழாவது வில்லை

வெளிநாடு சுற்றித் திரும்பிய தம்பிக்கு, அங்கே தின்ற ஏதோ ஒன்றால் ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது. எந்த ஊசிக்கும் காய்ச்சல் மசியவில்லை. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அக்கா, அவன் ரத்தத்தில் வளர்ந்த கிருமியைத் தட்டில் தடவி, மருந்தில் தோய்த்த ஆறு சிறு காகித வில்லைகளை வைத்துப் பெட்டியில் பூட்டினாள். பலிக்கிற மருந்தைச் சுற்றிக் கிருமி இல்லாத வட்டம் விழும்.

காலையில் ஆறையும் கிருமி ஒட்டி மொய்த்திருந்தது. நடுவில், அவள் வைக்காத ஏழாவது வில்லை ஒன்று. அதைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம். பெட்டிச் சாவி அவளிடமே இருந்தது.

"ஒரு மருந்து கேக்குது டாக்டர்!" என்று போனில் கத்தினாள்.

"வயித்துல பால வார்த்தம்மா! பேரைச் சொல்லு, இப்பவே ஏத்திடறேன்."

மற்ற ஆறிலும் மருந்தின் பெயரெழுத்து அச்சாகியிருந்தது. ஏழாவதை இடுக்கியால் புரட்டினாள். இரண்டு பக்கமும் வெறும் வெள்ளை.

"லைன்ல இருக்கியா? தம்பிக்கு மூச்சு வாங்குது. பேரு என்னம்மா?"

தட்டில் வட்டம் இன்னும் அகன்றுகொண்டிருந்தது.