மூலையில் ஒரு பளபளப்பு

மேசை விளக்கடியில் சர்க்யூட் போர்டைச் சாய்த்துப் பார்த்த அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஈயம் கலக்காத கம்பியால் சால்டர் வைத்த புள்ளிகளெல்லாம் சாம்பல் பூத்தாற்போல் மங்கிக் கிடக்கின்றன. அவை அப்படித்தான் இருக்கும். மூலையில் ஒன்று மட்டும் புதுக் காசு மாதிரி மின்னுகிறது. ஈயமில்லாமலே பிடிப்பு உறுதியாக நிற்கவேண்டும் என்றுதான், சால்டர் வைக்கும் சூட்டுக்கோலின் நுனியைச் சுற்றிக் காற்றுப் படாமல் நைட்ரஜன் ஊதும் குழாயை அவள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து காது குடைகிற தம்பியின் சட்டைப் பையிலிருந்து பழைய ஈயக் கம்பி எட்டிப் பார்க்கிறது. "இதுல கை வச்சியாடா?" "ஒன்னே ஒன்னுதான்க்கா. எல்லாம் அழுது வடியுதே, ஒன்னாவது லட்சணமா இருக்கட்டும்னு..." "ஈயமே இல்லன்னு காட்டத்தானடா நான் உயிரை விடறேன்." அவள் அந்தப் புள்ளியைச் சுரண்டக் கத்தியைத் தேடுவதற்குள் கதவு திறக்கிறது. குழந்தைகள் வாயில் வைக்கிற சாமான், ஈயம் துளிகூட ஆகாது என்று ஒற்றைக்காலில் நின்ற பொம்மைக் கம்பெனி முதலாளி, நெற்றியைத் துடைத்தபடி வந்து போர்டை வாங்கிக்கொள்கிறார். லென்ஸை இழுத்துக் குனிகிறார். சால்டர் வைத்தபோது எழுந்த பிசின் புகை இன்னும் விளக்கைச் சுற்றி நெளிகிறது, மின்விசிறி கிறீச்சிடுகிறது. மங்கலான புள்ளிகள்மேல் ஊர்ந்த அவர் விரல் மூலையில் போய் நிற்கிறது. "இது ஒன்னுதாம்மா உருப்படியா இருக்கு. மத்ததையும் இதே மாதிரி வச்சுக் கொடுத்துடுங்க." தம்பி சட்டைப் பையைத் தடவிக்கொண்டு அக்காவைப் பெருமையாகப் பார்க்கிறான்.