பத்தொன்பதாம் நம்பர் பல்

“ஏனுங்க அம்மணி, பல்லு அடைக்கிற மருந்து கூடவா சுருங்கும்?”

செங்கோட்டையன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு லேப்டாப் பக்கம் குனிந்தார். கணபதிப் பகுதியில், பம்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் வேலை. வார்ப்பு ஆறும்போது எங்கே சுருங்கும், எங்கே விரிசல் விடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்கிறவர். பல் மருத்துவ மேற்படிப்பு படிக்கும் லோகப்பிரியா, யாரோ சொல்லி, இன்றுதான் முதன்முதலாக அவரைத் தேடி வந்திருக்கிறாள்.

“சுருங்குமுங்க சார். மாவாட்டம் வச்சு நீல லைட் அடிச்சா கெட்டியாகும். அப்பச் சுருங்கி, பல்லோட சுவத்தை உள்ளாற இழுக்கும். அந்த இழுப்பு எங்க ஜாஸ்தின்னு கம்ப்யூட்டர்ல கண்டுபிடிக்கறதுதான் என்ற ஆராய்ச்சி.”

“அட, நம்ம இரும்பும் அதே கதைதானுங்களே!” அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நன்றாக ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். “அப்பறம் என்ன சிக்கல்?”

“எங்க ஆஸ்பத்திரியில பல்லு அடைச்ச நாப்பது பேரோட ஸ்கேன் வச்சுச் செஞ்சேனுங்க. பேரெல்லாம் எங்களுக்குத் தர மாட்டாங்க, வெறும் நம்பர்தான். அதுல இந்தப் பத்தொம்போதாம் நம்பர்தான் என்னைக் கவுத்துப்போட்டுது.”

செங்கோட்டையன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “காட்டுங்க, பாப்போம்.”

திரையில் ஒரு கடைவாய்ப் பல் மெல்லச் சுழன்றது. அதன் ஒரு பக்கச் சுவர் மட்டும், இழுப்பு அதிகம் என்பதைக் காட்டச் செக்கச்செவேலென்று இருந்தது.

“இந்த எடத்துல கட்டாயம் விரிசல் உட்டிருக்கணும், ஆளு வலியில துடிக்கணும்னு கணக்கு சொல்லுது. போன வாரம் ஆஸ்பத்திரி ஆபீஸ்ல லைன் போட்டுக் குடுக்கச் சொல்லி அவருகிட்டப் போன்ல கேட்டா, ‘கல்லாட்டம் இருக்குதுங்க’ங்கறாரு! திங்கக்கெழமைக்குள்ள தப்பைக் கண்டுபுடிக்கலீன்னா வேற தலைப்பு பாத்துக்கன்னு எங்க கைடு சொல்லிப்போட்டாரு. ரெண்டு வருச வேலைங்க சார்.”

செங்கோட்டையன் தட்டிலிருந்த தேங்காய் பன்னைப் பிய்த்து வலது பக்கமாகவே மென்றபடி, எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். அரை மணி நேரம் ஆயிற்று. லோகப்பிரியா நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மூணு தடவையா அடைக்க வேண்டியதை ஒரேடியா அடைச்சுப்போட்டாங்க. அதான் இந்த இழுப்பு” என்றார் கடைசியில். “உங்க கணக்குல ஒரு தப்பும் இல்லீங்க அம்மணி. பல்லு விரிசல் உட்டது நெசம். கடிக்கையில கூட அவ்வளவாத் தெரியாது. கடிச்சுப்போட்டு உடறப்பதான் சுரீர்னு மண்டைக்கு ஏறும். ஐஸ் தண்ணி ஆகவே ஆகாது. சுடச்சுட டீயும் ஆகாது.”

லோகப்பிரியா வாயைப் பிளந்தாள். புத்தகத்தில் அப்படியேதான் எழுதியிருக்கிறது. ஆனால் இரும்பு உருக்கும் இடத்தில் இருக்கிற மனிதருக்கு இது எப்படித் தெரியும்?

“எப்படிங்க சார் இவ்வளவு கரெக்டாச் சொல்றீங்க?”

“எல்லாம் ஒரு அனுபவந்தானுங்க” என்று மழுப்பினார்.

“கணக்கு சரின்னா, அந்த ஆளு பொய்யில்லீங்களா சொல்லியிருக்காரு?” அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. “அவரு சொன்ன ஒரு பொய்யில என்ற படிப்பே போகப் பாத்துச்சுங்களே! எதுக்குங்க அப்பிடிச் சொல்லணும்?”

செங்கோட்டையன் பன்னைத் தட்டில் வைத்துவிட்டு, இடது கன்னத்தைத் தடவிக்கொண்டே அசடு வழியச் சிரித்தார்.

“‘ஏனுங்க, நாங்க அடைச்ச பல்லு நல்லாருக்குதுங்களா’ன்னு நீங்க அத்தனை மருவாதியாப் போன்ல கேக்கறப்ப, நல்லால்லீங்கன்னு சொல்ல எனக்கு எப்படிங்க அம்மணி வாய் வரும்?”