முதல் ஓட்டம்

“இனி இப்படிப் பெட்ரோல் கார் வராதாம். உண்மையோ, தம்பி?” என்று ஆனந்தராசா கேட்டார்.

“ஓம் அண்ணை. சட்டம் இறுகிக்கொண்டு வருது. இந்த மாடலில எங்களிட்டை இதுதான் கடைசி.”

பதினெட்டு வருடமாக ஆக்லாந்தில் சூப்பர்கார் விற்கிறேன். இந்த மாதம் இதே பதிலை முப்பது பேருக்காவது சொல்லியிருப்பேன். வாங்க வந்தவர் இவர் ஒருவர்தான்.

“ஒருக்கா ஓடிப் பாருங்கோவன்.”

“தேவையில்லை. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?”

“பதினொன்று.”

“நல்லது. கோயிலுக்கு லொறியில கொண்டு வாங்கோ.”

கல் தெறித்துப் பெயின்ட் போய்விடும் என்று பயப்படுகிறார் போல.

திங்கட்கிழமையிலிருந்து என்னை மின்சாரக் கார்களுக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கு முன் இந்த எஞ்சினின் சத்தத்தை ஒரு தடவை மோட்டர்வேயில் கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது. பூசை முடிந்ததும் முதல் ஓட்டத்துக்கு விற்றவனையும் ஏற்றிக்கொள்வது எங்கள் ஆட்களின் வழக்கம்தானே.

கோயில் வாசலில் காரைத் தள்ளி இறக்கினோம். குருக்கள் பொட்டு வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் கீழே தேசிக்காய் வைத்தார்.

“ஸ்டார்ட் பண்ணி முன்னுக்கு எடுங்கோ.”

நான் பக்கத்துச் சீட்டில் ஏறி பெல்ட்டும் போட்டுவிட்டேன்.

ஆனந்தராசா என் பக்கக் கதவைத் திறந்தார்.

“இறங்குங்கோ தம்பி. இது ஓடுறதுக்கில்லை. கிலோமீட்டர் ஏறினால் விலை விழுந்திடும். கராஜில வைச்சுப் பூட்டப்போறன்.”

பிறகு குருக்களிடம் திரும்பினார்.

“ஐயா, அந்தத் தேசிக்காயை எடுத்து லொறிக்கு வையுங்கோ.”