எண்ணெய்ப் பரோட்டாவுக்கு மூன்றாவது விண்ணப்பம்

உணவு நல அலுவலர் அவர்களுக்கு வணக்கம்.

என் கணவர் தவசிலிங்கத்துக்கு ஒரே ஒரு எண்ணெய்ப் பரோட்டா கேட்டு இத்துடன் மூன்று முறை எழுதிவிட்டேன். சட்டியில் எண்ணெய் ஊற்றினாலே அரசு கொடுத்த அடுப்பு அணைந்துவிடுகிறது. கடைகளிலும் அதே அடுப்புதான். இனி ஒரு வாரம்கூடத் தாங்காது என்று மருத்துவர் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அடுப்போ இன்னமும் அவர் எடையைக் குறைக்கக் கம்பங்கூழ்தான் காய்ச்சுகிறது.

"ஏ பேச்சி, இனிமே நான் எளைச்சு யாருக்குடி மாப்பிள்ளையாகப் போறேன்?" என்று வீட்டுக்கு வந்த முதல் நாள் சிரித்தார்.

நீங்கள் பரிசீலிக்க முப்பது நாள் கேட்கிறீர்கள். இன்று காலை அடுப்பு, "வாழ்த்துகள்! தவசிலிங்கம் இரண்டு கிலோ குறைந்துள்ளார்" என்று அறிவித்தது.

மூன்று நாளாக அவர் அந்தக் கூழைத் தொடவே இல்லை, ஐயா. இன்றைக்கே அனுமதி தாருங்கள். நாளைக்கு அவரால் மெல்ல முடியாது.

இப்படிக்கு,
த. பேச்சியம்மாள்