மாதச் சாமான்

"சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் நெருப்பு விலை. நீங்கள் எப்பிடிச் சமாளிக்கிறியள் மாஸ்ரர்?" என்று கேட்டார் உடன் படிப்பிக்கும் ஞானசீலன்.

அருளப்பு மாஸ்ரர் பெருமையாகச் சிரித்தார். "மாதச் சாமானுக்கு ஆயிரத்து ஐந்நூறு. நாலு வருசமா ஒரு சதம் கூட்டேல்லை. என்ர மனிசி யூலிற்றா ஒருநாளும் காணாது எண்டு சொன்னதில்லை. உங்கட மனிசியையும் வந்து பழகச் சொல்லுங்கோ."

அன்று பின்னேரம் பக்கத்து ஊர்க் கோயிலில் கணவனை இழந்த பெண்களுக்கு அரிசி, பருப்புக் கொடுத்தார்கள். பெயர் பதிய ஆளில்லை என்று பாதர் சொல்லியனுப்ப, மாஸ்ரர் பள்ளிக்கூடத்தில் இருந்து நேரே போனார். ஒவ்வொருவராக உள்ளே வந்தவர்களிடம் சிஸ்டர் விபரம் கேட்டார். மாஸ்ரர் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"பேரென்ன பிள்ளை?"

"மரியறோஸ்." சத்தம் மெல்லத்தான் வெளியே வந்தது.

"மனுசன் எப்ப மோசம் போனவர்?"

"ரெண்டு வருசம், சிஸ்டர்."

"வருமானம் ஏதும் இருக்கோ?"

"மாதம் ஆயிரத்து ஐந்நூறு வரும். பன்னிரண்டாந் தேதியோட முடிஞ்சிடும். பிள்ளையளுக்குக் குடுக்க ஒண்டும் மிஞ்சாது."

மாஸ்ரரின் பேனா நின்றது. நிமிர்ந்தார். சேலைத் தலைப்பால் முக்காடிட்டு, வெறும் பையோடு யூலிற்றா நின்றாள். அவரைக் கண்டதும் முக்காட்டை முகத்தில் இன்னும் இழுத்துவிட்டாள்.

"தெரிஞ்சவவோ மாஸ்ரர்?" என்றார் சிஸ்டர்.

வாசலில் நின்ற பெண்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"இல்லை, சிஸ்டர்" என்றார் மாஸ்ரர். பிறகு குனிந்து, 'கணவர் இறந்துவிட்டார்' என்று தன் கையாலேயே எழுதினார்.